கண்ணாடி வீட்டில் ஒரு கல்யாணம்



தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அப்பால் இருப்பதைக் காட்டும் ஜன்னலில் பதித்திருப்பதும் கண்ணாடி. நம் முகத்தை நமக்கே திருப்பிக் காட்டுவதும் கண்ணாடி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் செஃப்டன் பூங்காவுக்குள் பாம் ஹவுஸ், அதாவது பனை வீடு, என்றொரு கட்டடம் இருக்கிறது. இடுப்புயரக் கற்சுவருக்கு மேலே எல்லாம் இரும்பும் கண்ணாடியும்தான். அங்கே முதன்முதலாகக் கல்யாணப் படம் எடுக்கப் போன அன்று அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் நான் ஒரே மாலையில் கற்றுக்கொண்டேன்.

அது டிசம்பர் மாதம். பிற்பகல் இரண்டு மணிக்கு வெள்ளை வானத்தை அப்படியே உள்ளே இறக்கிக்கொண்டிருந்த கூரை, நாலரை மணிக்கு நிலைக்கண்ணாடி ஆகிவிட்டது. எனக்கு அப்போது தெரிந்த ஒரே வைத்தியம் பிளாஷ். வெளிச்சம் குறையக் குறைய அதன் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நூறு சின்னச் சூரியன்கள் சுற்றிலும் வெடித்தன. மணமக்களின் முகம் பளிச்சென்று விழுந்தது. பின்னால் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள், ஒரு படத்தில் கேமராவோடு நானே நிற்கிறேன். ஒரு மாதம் கழித்து ஆல்பத்தைப் புரட்டிய மணமகள் கோபப்படவில்லை. மெல்லச் சொன்னாள்: “அந்தக் கூரைக்காகத்தான் நாங்கள் அந்த இடத்தைப் பிடித்தோம். கூரையைக் காணோமே.”

அவள் சொன்னது சரி. அவள் கேட்டதைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. அந்த நாள் போய்விட்டது. இருபதடி தூரத்தில் இருந்த கூரையை நான் ஏன் பார்க்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தப் படிப்பைத்தான்.

செஃப்டன் பூங்கா 1872-இல் திறக்கப்பட்டது. அதற்குள் இந்தக் கண்ணாடி வீடு வந்தது 1896-இல், விக்டோரியா மகாராணியின் ஆட்சி முடிய ஐந்தே ஆண்டுகள் இருந்தபோது. ஹென்றி யேட்ஸ் தாம்சன் என்பவர் 10,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். எடின்பரோவைச் சேர்ந்த மெக்கன்சி அண்ட் மாங்கர் என்ற நிறுவனம் வடிவமைத்துக் கட்டியது. எட்டுப் பட்டை அமைப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கூரை. அடியில் சிவப்புக் கிரானைட் கல். எட்டு மூலைகளிலும் வெளியே எட்டுச் சிலைகள்: கேப்டன் குக், கொலம்பஸ், மெர்கேட்டர், கடலோடி ஹென்றி, லின்னேயஸ், டார்வின், லெ நோத்ர, ஜான் பார்க்கின்சன். செதுக்கியவர் ஷவாலியோ என்ற பிரெஞ்சுச் சிற்பி. கடல் கடந்து போனவர்கள், நிலப்படம் வரைந்தவர்கள், செடிகளை வகைப்படுத்தியவர்கள், தோட்டம் போட்டவர்கள். உள்ளே நிற்கும் பனையும் தென்னை இனங்களும் எந்த வழியாக இந்தக் குளிர்ந்த ஊருக்கு வந்தன என்பதை அந்த எட்டுப் பேரும் சொல்லிவிடுகிறார்கள். அந்த வழியில் கப்பலும் வியாபாரமும் மட்டுமல்ல, பிற நாடுகளைப் பிடித்து ஆண்ட கதையும் இருக்கிறது. அந்த வாசலில் மணமக்களை நிறுத்தும்போது கொலம்பஸ் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் பார்த்துக்கொள்வேன். டார்வினுக்குப் பக்கத்தில் நிறுத்துவது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது கண்ணாடியின் கதைதான்.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு நெடுங்காலம் வரி இருந்தது. 1845-இல் அதை நீக்கினார்கள். கண்ணாடி மலிந்தது. லண்டன் கியூ தோட்டத்தின் பனை வீடு 1848-இல் முடிந்தது. 1851-இல் ஹைட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை எழுந்தது. அதே 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி அதன்மேல் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். கூரையும் கண்ணாடி, லென்ஸும் கண்ணாடி, படம் தங்கும் தகடும் கண்ணாடி என்று ஆகிவிட்டது.

அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் தங்கள் வேலைக்கூடத்தையே கண்ணாடி வீடு என்றுதான் சொன்னார்கள். ரிச்சர்ட் பியர்ட் 1841-இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் திறந்த ஸ்டூடியோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தது. அதன் கூரை நீலக் கண்ணாடி. காரணம் உண்டு. அன்றைய தகடுகளுக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய இருட்டு. நீலக் கண்ணாடி போட்டால் தகட்டுக்கு வேண்டிய ஒளி கிடைக்கும், உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கூசாது. பின்னால் வந்த ஸ்டூடியோக்களில் வடக்குப் பக்கமாகக் கண்ணாடி வைத்து, கயிற்றில் ஓடும் திரைகளால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். கல்யாணம் முடிந்த ஜோடி அந்த மாடிப்படிகளை ஏறிப்போய், கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி தாங்க, சில விநாடிகள் அசையாமல் இருந்துவிட்டு வரும். அவர்களுடைய கல்யாணப் படம் அதுதான். சடங்கு நடக்கும் இடத்துக்குள் கேமரா போனாலும் பயனில்லை. தேவாலயத்தின் இருட்டில் தகடு எதையும் பார்க்காது.

அரச குடும்பத்துக்கும் இதே நிலைதான். விக்டோரியா கல்யாணம் செய்துகொண்டது 1840 பிப்ரவரி 10-இல். புகைப்படம் என்ற செய்தியே உலகத்துக்கு வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் படம் கிடையாது. 1863-இல் வேல்ஸ் இளவரசரின் கல்யாணம் வின்ட்சர் தேவாலயத்தில் நடந்தபோது, சடங்கைப் பதிவு செய்யும் வேலை ஃபிரித் என்ற ஓவியருக்குத்தான் போனது. அதே கல்யாணத்தையொட்டி மேயால் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று உண்டு. புது மணமக்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் கறுப்புடையில் மகாராணி. அவர் மணமக்களைப் பார்க்கவில்லை. ஒன்றேகால் ஆண்டுக்கு முன் இறந்துபோன தம் கணவரின் மார்பளவுச் சிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் இல்லாமல் போன ஒருவரைத் தேடும் கண்களை நாமும் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

எனக்கு அதைவிட நெருக்கமான படம் 1858 ஜனவரி 25-இல் எடுத்தது. மகாராணியின் மூத்த மகளுக்கு அன்று கல்யாணம். தேவாலயத்துக்குப் புறப்படும் முன் அப்பா, அம்மா, மகள் மூவரையும் டி. ஆர். வில்லியம்ஸ் என்பவர் டாகரோடைப் என்ற பழைய முறையில் படம் பிடித்தார். அப்பா ஆல்பர்ட் தெளிவாக இருக்கிறார், மகள் தெளிவாக இருக்கிறாள், மகாராணியின் முகம் மட்டும் கலங்கிப்போயிருக்கிறது. மகளை அனுப்பி வைக்கும் நடுக்கத்தில் தாம் அசைந்துவிட்டதாக அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தொழில் கணக்கில் அது கெட்டுப்போன படம். நான் அதைக் கெட்ட படம் என்று சொல்லமாட்டேன். அந்தத் தகட்டில் மகாராணியின் முகம் பதியாமல், ஒரு தாயின் நடுக்கம் பதிந்திருக்கிறது. கூர்மையாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தூக்கிப் போடுவதை அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இன்னொரு செய்தி, சட்டம் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தில் 1886 வரை காலை எட்டு மணியிலிருந்து நண்பகலுக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். அந்த ஆண்டு பிற்பகல் மூன்று மணி வரை நீட்டித்தார்கள். 1934-இல் மாலை ஆறு மணி வரை. 2012-இல்தான் நேரக் கட்டுப்பாடே போயிற்று. விக்டோரியா காலத்து ஆள் மாலையில் கல்யாணம் என்பதை நினைத்தே பார்த்திருக்கமாட்டார். அவர்கள் கட்டிய கண்ணாடி வீடுகள் பகல் வெளிச்சத்தை நம்பி நிற்பவை. அதற்கு மேல், தேவாலயமோ பதிவு அலுவலகமோ இல்லாத இடத்தில் சட்டப்படி சிவில் கல்யாணம் நடத்தலாம் என்ற வசதி 1995 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகே பழைய நகர மன்றங்களும் ரயில்வே ஓட்டல்களும் பனை வீடுகளும் கல்யாண வீடுகள் ஆயின. செடிக்காகக் கட்டிய வீட்டில் நாம் மனிதர்களைப் படம் எடுக்கிறோம். பகலுக்காகக் கட்டிய வீட்டில் இரவு வரை எடுக்கிறோம். நம் சிரமங்களில் பாதி இந்த இரண்டு மாற்றங்களிலிருந்து வருகின்றன.

இனி வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

லிவர்பூல் பூமத்திய ரேகைக்கு வடக்கே 53 பாகைக்கும் மேலே இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து பதின்மூன்று பாகைதான் ஏறும்; நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜூனில் அதே சூரியன் அறுபது பாகை ஏறி, இரவு ஒன்பதரை தாண்டித்தான் இறங்கும். ஆகவே ‘பாம் ஹவுஸில் எப்படிப் படம் எடுப்பது’ என்று யாராவது கேட்டால், எந்த மாதம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மேகம் மூடிய நாள்தான் எனக்குப் பிடித்த நாள். கூரை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருக்கும். திரை போட்ட பழைய ஸ்டூடியோ மாதிரியே இருக்கும். ஆனால் வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குவதால் கண்குழியில் நிழல் தங்கும். கட்டடத்தின் நட்டநடுவில், குவிமாடத்துக்கு நேர் கீழே மணமக்களை நிறுத்தினால் அழகாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். முகத்துக்கு அது நல்ல இடமில்லை. ஏழெட்டு அடி நகர்த்தி, பக்கச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழும், கூரை பின்னால் உயரும். மணமகளின் வெள்ளைக் கவுனும் கைகொடுக்கும். விரித்துப் போட்ட அந்தப் பாவாடை கீழேயிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும். கழுத்தடியில் நிழல் கரையும். வெள்ளைச் சாட்டின் உடுத்தி மணமேடை ஏறி அந்த வழக்கத்தைப் பரவச் செய்தவர் விக்டோரியாதான் என்பதை நினைத்துக்கொள்வேன்.

வெயில் நாள் கடினம். இரும்புச் சட்டங்களின் நிழல் ஆள்மேல் கோடு கோடாக விழும். மாமனார் மூக்கின்மேல் ஒரு கோடு, மணமகள் தோளில் ஒரு கோடு. குடும்பப் படத்தை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே, கட்டடத்தின் நிழல் பக்கத்தில் நிறுத்துங்கள். ஆனால் ஜோடி தனியாக நடந்து வரும்போது அதே நிழல் கோடுகள் தரையில் கோலம் மாதிரி கிடக்கும். மேலிருந்தோ தூரத்திலிருந்தோ எடுத்தால் அது ஒரு நல்ல படம்.

அப்புறம் பச்சை. இலைகளுக்குள் நுழைந்து வரும் வெளிச்சம் பச்சைச் சாயத்தோடு வரும். கண் அதை உடனே சரிசெய்துகொள்ளும், கேமரா முழுதாகச் சரிசெய்யாது. வெள்ளைக் கவுனின் ஒரு பக்கம் பாசி பிடித்த மாதிரி ஆகும். அரக்குப் பட்டு கட்டிய ஒரு தமிழ்ப் பெண்ணை இப்படியொரு கண்ணாடி வீட்டில் படம் எடுத்திருக்கிறேன். பெரிய இலைகளுக்கடியில் அந்தச் சேலை காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குப் போய்விட்டது. நடைபாதைக்கு வந்ததும் உயிர் வந்தது. பழைய புகைப்படக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய தகட்டுக்குப் பச்சை தெரியாது. நமக்குத் தெரியும் என்பதால் நாம் இலையிலிருந்து இரண்டு கை தூரம் விலகி நிற்க வேண்டும். நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாம் ஹவுஸுக்குள் ஸ்பென்ஸ் செதுக்கிய ‘ஹைலண்ட் மேரி’ என்ற பளிங்குச் சிலை இருக்கிறது. போனவுடன் முதலில் அதைத்தான் ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். பளிங்கில் நரம்பு தெரிந்தால் கவுனில் லேஸ் வேலைப்பாடு தெரியும். பளிங்கு வெறும் வெள்ளையாகப் போனால் லேஸும் போய்விடும்.

குளிர்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். வெளியே கொட்டும் குளிரிலிருந்து சூடான ஈரக் காற்றுக்குள் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் திரும்பவும் படியும். அரைமணி முன்னதாகப் போய், பையை மூடியபடியே உள்ளே வைத்துவிடுங்கள், மெல்லச் சூடேறட்டும். அந்த அரைமணியில் கட்டடத்தை ஒருமுறை சுற்றிவாருங்கள். நான் முதல்நாள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

பதிவுக் கையெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே 4 முதல் பெரிய பதிவேட்டுக்குப் பதிலாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். மணமக்களின் அப்பா பெயரோடு அம்மா பெயரும் இடம்பெறத் தொடங்கியது அந்த மாற்றத்தோடுதான். அதற்கு முன் 1837-லிருந்து அப்பாவின் பெயரும் தொழிலும் மட்டுமே. அந்த மேசையருகே இப்போதெல்லாம் நான் அம்மாக்களின் முகத்தைப் பார்த்து நிற்கிறேன்.

எல்லா விக்டோரியா கட்டடமும் இப்படியில்லை. அதே ஊரில் 1854-இல் திறந்த செயின்ட் ஜார்ஜ் ஹால் கல்லும் தூணுமாக, இருட்டைத் தன் அழகாக வைத்திருக்கிறது. மின்டன் ஓடுகள் பதித்த அதன் பெருந்தரையைப் பெரும்பாலும் பலகையால் மூடிக் காக்கிறார்கள். அங்கே வேறு கணக்கு: வெளிச்சத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், ட்ரைபாட் வைக்க அனுமதி கேட்க வேண்டும். எந்தப் பழைய கட்டடத்திலும் மெழுகுவர்த்தி, காகிதப் பூத்தூவல், சுவரில் ஒட்டும் டேப் இவற்றைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நூறாண்டு நின்ற சாயத்தை ஒரு டேப் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

இப்போது மாலைக்கு வருகிறேன், நான் தோற்ற இடத்துக்கு.

சூரியன் மறைந்த பிறகு அரைமணிக்குச் சற்று மேல் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். உள்ளே விளக்குகள் ஏற்றியிருப்பார்கள். முதலில் வானம் விளக்கைவிடப் பிரகாசம். கண்ணாடி ஜன்னலாக இருக்கும். கடைசியில் விளக்கு வானத்தைவிடப் பிரகாசம். கண்ணாடி நம்மைத்தான் காட்டும். இரண்டுக்கும் நடுவே, பத்துப் பன்னிரண்டு நிமிடம், இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும். அப்போது அந்தக் கண்ணாடி நம் மொழி சொல்கிற இரண்டு பொருளிலும் கண்ணாடி. வெளியே பூங்காவின் மொட்டை மரங்கள் தெரியும்; அவற்றின்மேல் உள்ளே இருக்கும் பனையோலை மிதக்கும்; அதற்கு நடுவில் மணமக்களின் நிழலுரு. பிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றுங்கள்; கொஞ்சம் மணல் படிந்த மாதிரி வந்தாலும் பரவாயில்லை. வெளியே ஓடிப்போய் ஒரு படம், உள்ளே வந்து ஒரு படம். விருந்து நேரத்தைக் குறிக்கும்போதே அந்தப் பத்து நிமிடத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கிவிடுவேன். எத்தனை மணிக்குப் பாயசம் என்பதைப் போல இதையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அந்தக் கட்டடத்தில் 3,710 கண்ணாடிப் பலகைகள் இருக்கின்றன. 1896-இல் போட்டவை இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நிலா வெளிச்சத்தில் மின்னி எதிரி விமானத்துக்கு வழிகாட்டிவிடக்கூடாது என்று அந்த வீட்டை மறைத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் 1941 மே மாதத்துக் குண்டுவீச்சில் அருகே விழுந்த ஒரு குண்டு கண்ணாடியை நொறுக்கியது. 1950-இல் புதுக் கண்ணாடி போட்டார்கள். பிறகு கவனிப்பாரில்லாமல் துருவேறி, 1980-களில் ஆபத்தென்று மூடினார்கள். ஊர்க்காரர்கள்தான் விடவில்லை. 1992-இல் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஒரு பலகைக் கண்ணாடிக்கு ஒருவர் என்று நன்கொடை திரட்டினார்கள். ஓரளவு பழுதுபார்த்து 1993-இல் திறந்தார்கள். முழுச் சீரமைப்பு முடிந்து 2001-இல் திரும்பத் திறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கல்யாணம். சடங்கு நடக்கும்போது முதல் வரிசையில் இருந்த பாட்டி மணமக்களைப் பார்க்காமல் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். பிறகு அந்த முகத்தில் விழுந்த வெளிச்சம் நன்றாக இருந்ததால் ஒரு படம் எடுத்தேன். ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க வந்தபோது பேத்தி அந்தப் படத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். அந்த நன்கொடைத் திரட்டலில் பாட்டி ஒரு பலகைக்குப் பணம் கொடுத்தாராம். எது தம்முடையது என்று அவருக்குத் தெரியாது. அன்று அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் படத்தை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தோம். மேல் பாதி முழுவதும் கூரைதான்.